நயினாதீவுக்குச் சமாதி பார்க்கப் போனேன்

திருச்சியில் ஒரு மாடி அறையில் பெண்களுக்கு ஆசனமும் மூச்சுப் பயிற்சியும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். முதுகுவலிக்காரர்கள், தூக்கம் வராதவர்கள், பிரசவத்துக்குப் பிறகு இடுப்பு பிடித்துக்கொண்டவர்கள், இவர்கள்தான் என் மாணவிகள். சுவரில் ஆறு ஆதாரங்களின் படம் ஒன்று உண்டு. முதுகெலும்பு நெடுகத் தாமரைகள். மூலாதாரத்தில் சுருண்ட பாம்பு விழித்து ஒவ்வொரு தாமரையாக ஏறும் என்று நானும் சொல்லுவேன். நான் பார்த்ததெல்லாம் சுளுக்கு விட்டதும், தூக்கம் வந்ததும்தான்.

சிதம்பரம், திருவானைக்காவல் என்று கோயில் கும்பிட வந்துபோகும் யாழ்ப்பாணத்துத் தம்பதி ஒன்று எனக்குப் பழக்கம். அந்த அம்மாள் சரஸ்வதி ஒருமுறை இங்கே தங்கியிருந்தபோது இடுப்புவலிக்காக என் வகுப்புக்கு வந்திருந்தார். அடுத்த தடவை அவருடைய கணவர் கனகலிங்கம் தனியாக வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் உட்கார்ந்து, வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்தார்.

"என்ரை தங்கச்சி சமாதியில இருக்கிறா, ரீச்சர். நீங்கள் ஒருக்கா வந்து பாத்துச் சொல்ல வேணும்."

"நான் சமாதியைப் பார்த்ததில்லைங்களே."

"ஆர்தான் பாத்தது? உங்களுக்கு மூச்சுத் தெரியும் எல்லே. அது காணும், போதும்."

அவர் தங்கை பரமேஸ்வரி. தென்னிலங்கையில் ஒரு சின்னப் பட்டணத்தில் புருஷனோடு கடை வைத்திருந்தவள். பிள்ளை இல்லை. முந்தின வருடத்து இனக்கலவரத்தில் கடை எரிந்துபோனது. அகதிகளை ஏற்றிவந்த கப்பலில் தனியாக வந்து இறங்கினாள். அண்ணன் வீட்டுக்கு வந்து ஒரு அறையில் கண்ணை மூடி உட்கார்ந்தவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. பேச்சும் இல்லை. புருஷனைப் பற்றிக் கேட்டேன். "தகவல் இல்லை" என்றார் கனகலிங்கம். அதைச் சொல்லும்போதும் அவர் படத்தைத்தான் பார்த்தார்.

கப்பலையும் ரயிலையும் பற்றி எழுதப்போவதில்லை. யாழ்ப்பாணத்தில் தீவுப்பக்கம் போகும் பஸ்ஸில் ஏறியதிலிருந்து தொடங்குகிறேன்.

கடலுக்கு நடுவே போட்ட தெருவில் பஸ் போகிறது. இரண்டு பக்கமும் முழங்கால் ஆழத்துக்குச் சாம்பல் நிறத் தண்ணீர். மண்டைதீவைத் தாண்டினால் வேலணை, அதைத் தாண்டினால் புங்குடுதீவு. பனையும் வெள்ளைக் கல்லும் தவிரக் கண்ணுக்கு வேறொன்றும் அகப்படவில்லை. சோளகக் காற்று, அதாவது எங்கள் ஆடிக்காற்று, தலைமுடியைப் பிய்த்தது. பக்கத்தில் இருந்த பெண் "இந்தியாவோ?" என்று கேட்டாள். ஆமாம் என்றதும், "அங்கை தண்ணி உப்போ நல்ல தண்ணியோ?" என்று கேட்டாள். காவிரி என்று சொன்னேன். "ஓம், கேள்விப்பட்டனான்" என்றாள், செத்துப்போன பெரிய மனிதரைப் பற்றிச் சொல்வதுபோல.

இந்த 'ஓம்' எனக்குப் பழகக் கொஞ்சம் நேரமாயிற்று. எங்கள் வகுப்பில் தியானத்துக்கு முன் கண் மூடிச் சொல்லும் சொல்லை இங்கே சில்லறை கொடுக்கும்போதும் பொடியனைக் கூப்பிடும்போதும் சொல்கிறார்கள். நாள் முழுக்க ஓம், ஓம்.

குறிகட்டுவானில் பஸ் நின்றுவிட்டது. அங்கிருந்து மோட்டார் வள்ளம். எதிரே நயினாதீவுக் கோபுரம் தெரிகிறது, பக்கம்தான். நடுக்கடலில் இயந்திரம் இருமிவிட்டு அணைந்தது. வள்ளம் பக்கவாட்டில் திரும்பி, அலை உள்ளே வந்து விழுந்தது. ஒரு குழந்தை வாந்தி எடுத்தது. பெண்கள் "அம்மாளாச்சி" என்று முணுமுணுத்தார்களே தவிர ஒருவரும் சத்தம் போடவில்லை. ஓட்டி கயிற்றைத் திரும்பத் திரும்ப இழுத்தான். வகுப்பில் பயம் வந்தால் மூச்சை நீளமாக விடுங்கள் என்று சொல்பவள், இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு மூச்சே விடாமல் இருந்தேன். இயந்திரம் மறுபடி பிடித்துக்கொண்டது.

கரையில் கனகலிங்கம் குடையோடு நின்றார். காற்றில் அதை விரிக்க முடியவில்லை. நனைந்த சேலையோடு அவர் பின்னால் நடந்தேன். கோயிலைக் காட்டினார். "இஞ்சை அம்மாள் நாகம். நீங்கள் சொல்லுற குண்டலினியும் நாகம். அதுதான் நான் முதலே யோசிச்சனான், இது சும்மா விசயம் இல்லை எண்டு."

வீட்டுப் படலையைத் திறந்ததும் சரஸ்வதி அம்மாள் ஓடிவந்தார். இளைத்துப்போயிருந்தார். "வாங்கோ ரீச்சர். முதல் சாப்பிடுங்கோ. சைவம்தானே?" இடியப்பமும் மஞ்சள் நிறத்தில் தேங்காய்ப்பால் சொதியும், இடித்த சம்பலும் வைத்தார். கருப்பட்டியை இவர்கள் பனங்கட்டி என்கிறார்கள். அதை வாயில் கடித்துக்கொண்டு பால் இல்லாத தேநீர் குடிக்கவேண்டும். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஏதோ கேட்கவேண்டும், ஆனால் புருஷன் இருக்கும்போது கேட்க முடியாது என்பது தெரிந்தது.

பரமேஸ்வரி இருந்த அறை முன்பு நெல் மூட்டை அடுக்கிய அறை. சாளரம் ஒன்றுதான். சுவரோரம் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கலாம், ஐம்பதுபோல இருந்தாள். கழுத்தில் தாலிக்கொடி. நெற்றி நிறையக் குங்குமம், புருவம் வரை கொட்டியிருந்தது. மடியிலும் முன்னாலும் பூ. கற்பூரம் எரிந்த கறுப்பு தரையில்.

"சனம் வருது," என்றார் கனகலிங்கம். "கோயிலுக்கு வாற ஆக்கள் வள்ளத்துக்குப் போகமுன்னம் இஞ்சை வந்து கும்பிட்டுப்போகினம். நான் தட்டு வைக்கேல்லை. ஒரு சதம் வாங்கேல்லை. ஒரு சாமியார் வந்து பாத்தவர். விசுத்திவரைக்கும், தொண்டையிலை இருக்கிற தாமரைவரைக்கும், ஏறிட்டுதாம், அதுதான் பேச்சு நிண்டதாம்."

அன்று நான் சற்றுத் தள்ளி உட்கார்ந்து மூச்சை மட்டும் பார்த்தேன்.

மறுநாள் காலையிலிருந்து மத்தியானம் வரை அங்கேயே இருந்தேன். ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். பருத்தித்துறைப் பக்கத்துப் பெண் ஒருத்தி பிள்ளை வரம் கேட்டு அழுதாள். இன்னொருத்தி பரமேஸ்வரியின் நெற்றியில் குங்குமம் வைத்து, அதில் ஒரு துளி எடுத்துத் தன் தாலியில் ஒற்றிக்கொண்டாள். வாசலில் நின்ற கனகலிங்கம் சட்டென்று திரும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

தியானம் கூடிவந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தோள் விழுந்திருக்கும், தாடை தளர்ந்திருக்கும், வயிறு மெல்ல எழும்பித் தாழும். இவளுக்கு மூச்சு தொண்டைக்குக் கீழே இறங்கவே இல்லை. கட்டைவிரலை உள்ளே வைத்துக் கை மூடியிருந்தது. கால்விரல்கள் பாயைப் பற்றியிருந்தன. படலை கிறீச்சிட்டால் மூச்சு நின்றது. வந்தவர் பேசத் தொடங்கியதும் மறுபடி ஓடியது. ஒவ்வொரு முறையும் அப்படித்தான். உலகத்தை மறந்தவளின் மூச்சாக அது இல்லை, எங்கேயோ ஒளிந்திருப்பவளின் மூச்சாக இருந்தது.

ஆட்கள் போனபிறகு சரஸ்வதி அம்மாள் கதவைச் சாத்திவிட்டு, நாத்தனாரின் சேலையைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினார். கணுக்கால் இரண்டிலும் புண். தரையில் அழுந்தி அழுந்தி வந்த புண். கால் வீங்கி மெழுகுபோல இருந்தது.

"கிணத்தடிக்குக் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போவன். குருடி மாதிரி வருவா. பால் பருக்கினால் குடிப்பா. இப்ப கொஞ்ச நாளா இரண்டும் இல்லை, காலை ஊண்டமாட்டா, பால் கடைவாயால வடியுது. இவருக்குச் சொன்னால் சமாதியில பசி இராது எண்டுறார்." குரலைத் தாழ்த்தினார். "ரீச்சர், இவ செத்துப்போவா. நான் நாகம்மாள் கோயிலுக்குப் பக்கத்திலை இருந்துகொண்டு இப்பிடிச் சொல்லக்கூடாது."

மாலையில் கனகலிங்கத்திடம் பேசினேன். "இது சமாதி இல்லைங்க. டாக்டர்கிட்ட கொண்டுபோகணும்."

அவர் கோபப்படவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப விசர், பைத்தியம் எண்டுறியள்."

"நான் அப்படிச் சொல்லலை. பயந்திருக்காங்க."

"ஊர் அப்பிடித்தான் சொல்லும். விசர் எண்டால் சனம் சிரிக்கும். இப்ப கும்பிடுது. எது நல்லம், நீங்களே சொல்லுங்கோ."

"கும்பிட்டுக்கிட்டு இருக்கும்போதே போயிடுவாங்க, அண்ணா. காலைப் பாத்தீங்களா?"

அவர் பார்த்ததில்லை. போய்ப் பார்த்தார். திரும்பி வந்தவர், யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம் என்றார். ஆனால் அடுத்த நாள் காற்று இன்னும் பலமாகிவிட்டது. வள்ளம் ஓடவில்லை. நோயாளியை அந்தக் கடலில் இறக்க ஒருவரும் சம்மதிக்கவில்லை.

ஆக நான் அங்கே மாட்டிக்கொண்டேன். எங்கள் ஊர் ஆடி நினைவுக்கு வந்தது. காவிரியில் புதுத்தண்ணீர் வந்து, படித்துறையெல்லாம் சித்திரான்னமும் மஞ்சள் கயிறுமாக இருக்கும். இங்கே ஆடிக்காற்றில் மணல்தான் பறந்தது, சோற்றிலும் மணல் கடித்தது. பக்தர்களின் வருகை நின்றுபோனது ஒன்றுதான் அந்தக் காற்றால் வந்த நன்மை.

நல்லெண்ணெயைச் சுடவைத்து அவள் பாதத்திலிருந்து தொடங்கினேன். தாமரைகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒவ்வொரு கால்விரலையும் பாயிலிருந்து விடுவித்து, மடக்கி நீட்டினேன். முழங்காலை நீட்ட விடமாட்டாள். நீட்டினால் பழையபடி மடக்கிக்கொள்வாள். சரஸ்வதி அம்மாளுக்கும் காட்டிக்கொடுத்தேன். ஆளுக்கொரு காலாக எடுத்துக்கொண்டோம். மூச்சை வெளியே விடும்போது நான் மெல்ல 'ம்ம்ம்' என்று சுருதி வைத்தேன், பாட்டு மாதிரிகூட இல்லை. எங்கள் வகுப்பில் தூக்கம் வராதவர்களுக்கு அப்படிச் செய்வதுண்டு. முதல் நாள் ஒன்றுமில்லை. அடுத்த நாள் அவள் கட்டைவிரல் கைக்குள்ளிருந்து வெளியே வந்தது. மத்தியானம் அரைக் கிண்ணம் கஞ்சி இறங்கியது. சரஸ்வதி அம்மாள் சமையலறையான குசினிக்குள் போய் அழுதுவிட்டு வந்தார்.

அதற்கடுத்த நாள் பின்னேரம், இருவருமாகக் காலை நீட்டியபோது அது நீண்டபடியே இருந்தது. நான் சுருதியை நிறுத்திய இடத்தில் பரமேஸ்வரி வாயைத் திறந்தாள். குரல் தூசி படிந்த குரல்.

"கதவைச் சாத்தினவரோ?"

சரஸ்வதி அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் மெதுவாக, "யாரும்மா?" என்றேன்.

"இவர். கடைக் கதவைச் சாத்திப்போட்டு வாறன் எண்டவர்."

கண் திறக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, இடையில் வெகுநேரம் நின்று, சொன்னாள். கடைக்குப் பின்னால் ஒரு சிங்கள அம்மாவின் வீடு. அந்த அம்மா இவளைக் குசினியில் அரிசிச் சாக்குகளுக்குப் பின்னால் உட்காரவைத்தாள். புகை வந்தது. கண் எரிகிறது, பயமாக இருக்கிறது என்று கூட வந்திருந்த புருஷனிடம் சொன்னாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து விடியற்காலையில் எழுந்து தியானத்துக்கு உட்காருவது அவள் வழக்கம். தலைவலிக்கு நல்லது என்று யாரோ சொல்லித் தொடங்கியது.

"விடிய இருக்கிற மாதிரி இரும் எண்டவர். கண்ணை மூடிக்கொண்டு இரும், மனம் பதறாது. நான் வந்து கூப்பிடுமட்டும் எழும்ப வேண்டாம் எண்டவர்." சற்று நின்று, "இன்னும் கூப்பிடேல்லை" என்றாள்.

கனகலிங்கத்தைத் தேடிக் கடற்கரைக்குப் போனேன். இழுத்துக் கவிழ்த்த வள்ளத்தின் மறைவில் உட்கார்ந்திருந்தார். அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் மணலைப் பார்த்தபடி சொன்னார்.

"அவர் இல்லை, ரீச்சர். எனக்குத் தெரியும்."

கலவரம் அடங்கியபிறகு அந்தப் பட்டணத்துக்கு அவர் ஒருமுறை போயிருக்கிறார். சிங்கள அம்மா அவரைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். பரமேஸ்வரியின் புருஷனைக் கடை வாசலிலேயே வெட்டிவிட்டார்கள். உடலை மற்றவர்களோடு சேர்த்து எரித்துவிட்டார்கள். அந்த அம்மாதான் இவளைக் கையைப் பிடித்து அகதி முகாமில் சேர்த்தவள்.

"சொல்லுவம் எண்டுதான் திரும்பி வந்தனான். பஸ்ஸிலை முழுக்க எப்பிடிச் சொல்லுறது எண்டு யோசிச்சுக்கொண்டு வந்தனான். வந்து பாத்தால் அப்பவும் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறாள். முகத்திலை ஒரு கவலை இல்லாத மாதிரி. நாளைக்குச் சொல்லுவம் எண்டு விட்டன். பிறகு சனம் வரத் தொடங்கிட்டுது. எனக்கும் அது வசதியாப் போச்சு." மணலை ஒரு பிடி அள்ளிக் கீழே விட்டார். "அவளுக்குக் குங்குமம் வைக்கிறதை நிண்டு பாத்தனான், ரீச்சர். நாள் முழுக்க நிண்டு பாத்தனான்."

"இப்ப நீங்கதான் சொல்லணும்."

"என்னால ஏலாது."

"வேற யார் சொன்னாலும் அவங்க எந்திரிக்க மாட்டாங்க."

நான் தனியாகத் திரும்பி வந்தேன்.

மறுநாள் விடிந்து, நானும் சரஸ்வதி அம்மாளும் எண்ணெயோடு உட்கார்ந்திருந்தபோது கனகலிங்கம் உள்ளே வந்தார். குளித்து வேட்டி மாற்றியிருந்தார். தங்கை முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"பரமு, நான் அண்ணை வந்திருக்கிறன்."

அவள் மூச்சு நின்றது.

"அவர் கூப்பிட மாட்டார், பிள்ளை. அவர் போயிட்டார். நான் போய்க் கேட்டுக்கொண்டு வந்தனான். அண்டைக்கே போயிட்டார். நீ இனி இருக்க வேண்டாம், எழும்பு."

நான் பயந்துபோய் அவள் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை. பிறகு உள்ளே எங்கிருந்தோ ஒரு மூச்சு வந்தது. வயிறு வரை இறங்கித் தூக்கிக்கொண்டு வந்தது. கண்ணைத் திறந்தாள். அந்தச் சாளர வெளிச்சமே அவளுக்குத் தாங்கவில்லை. தண்ணீர் கொட்டியது. அது அழுகையா வெளிச்சமா என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணனைப் பார்த்தாள்.

"அந்தியேட்டி செய்தாச்சோ?"

இறந்தவருக்கு முப்பத்தோராம் நாள் செய்யும் சடங்கு அது. அவர் தலையை ஆட்டினார், இல்லை என்று.

"ஏன் அண்ணை, அவரை இவ்வளவு நாளும் அப்பிடியே விட்டனியள்?"

அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். அவள் அழவில்லை. சரஸ்வதி அம்மாளிடம் தண்ணீர் கேட்டாள். குடிக்கத்தான் என்று நினைத்து அவர் செம்பை நீட்டினார். அவள் அதைக் கையில் ஊற்றி நெற்றியைத் தேய்த்துக் கழுவினாள். நாள்கணக்கில் ஊர்பேர் தெரியாதவர்கள் வைத்த குங்குமம் சிவப்பாக மூக்கின் மேல் வழிந்தது. சரஸ்வதி அம்மாள்தான் வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டார்.

காற்று தணிந்து வள்ளம் ஓடத் தொடங்கியதும் எல்லோருமாகப் புறப்பட்டோம். முதலில் அந்தியேட்டி செய்யும் கீரிமலைக் கடற்கரை, அதன்பிறகு ஆஸ்பத்திரி. அந்த வரிசையில்தான் வருவேன் என்று அவள் சொல்லிவிட்டாள். கால் ஊன்ற முடியவில்லை. நாற்காலியில் வைத்துத் தூக்கி வள்ளத்தில் ஏற்றினார்கள். வெள்ளைச் சேலை. கழுத்து வெறுமை. காற்றில் கண்ணைச் சுருக்கிக்கொண்டாளே தவிர மூடவில்லை.

வள்ளத்தில் கோயிலுக்கு வந்து திரும்பும் ஆட்கள் இருந்தார்கள். அதில் பருமனான ஒரு அம்மாள் இவளை அடையாளம் கண்டு, எழுந்துவந்து கைகூப்பினார். "தாயே, கண் திறந்திட்டியளோ," என்று காலைத் தொடக் குனிந்தார். பரமேஸ்வரி காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள், முடியவில்லை. அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நான் சாமி இல்லை, அக்கா. என்ரை மனுசன் செத்துப்போனார். அந்தியேட்டிக்குப் போறன்."

அந்த அம்மாள் குனிந்தபடியே நின்றார். பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தெறிக்கும் தண்ணீர் அவள் மேல் படாமல் தன் உடம்பால் மறைத்துக்கொண்டார். குறிகட்டுவான் வரை அப்படியே வந்தார்.

கீரிமலையில் எரிப்பதற்கும் கரைப்பதற்கும் ஒன்றும் இல்லாததால் ஐயர் தர்ப்பையில் ஓர் உருவம் செய்தார். கனகலிங்கம் கொள்ளி வைத்தார். பெண்கள் தள்ளித்தான் நிற்கவேண்டும் என்றார்கள். பரமேஸ்வரியைப் படியோரம் உட்காரவைத்தோம். புகை எங்கள் பக்கம் திரும்பியது. நான் அவள் முகத்தைச் சேலையால் மூடப் போனேன். வேண்டாம் என்று என் கையை விலக்கினாள். புகை அடங்கும்வரை பார்த்துக்கொண்டேயிருந்தாள். அப்போதுதான் அழுதாள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நான் ஊர் திரும்பினேன். மாசியில் கனகலிங்கமும் சரஸ்வதி அம்மாளும் சிதம்பரம் வந்தபோது என்னையும் பார்க்க வந்தார்கள். புண் ஆறிவிட்டது, நடக்கிறாள், குசினி வேலை செய்கிறாள், கொஞ்சம் கதைக்கிறாள் என்றார்கள். ஊரில் சிலர் இவர்கள் குடும்பம் சமாதியைக் கலைத்துவிட்டது என்று இன்னும் குறை சொல்கிறார்களாம்.

"தூங்குறாங்களா?" என்று கேட்டேன்.

சரஸ்வதி அம்மாள் புருஷனைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "விளக்கை நூர்க்க விடமாட்டா, ரீச்சர். கண்ணை மூடச் சொன்னால் மட்டும் கோவம் வருது. நான் பக்கத்திலை படுத்துக்கொண்டு உங்கடை அந்தச் சத்தத்தை, அந்த 'ம்ம்ம்' எண்டுறதைச் செய்வன். அப்பிடியே கதவைப் பாத்துக்கொண்டு கிடப்பா. பிறகு தானா அயர்ந்து போவா."

அதற்குமேல் சொல்லிக்கொடுக்க என்னிடம் எதுவும் இருக்கவில்லை. காபி போட எழுந்துபோனேன்.